சிப்பி எது, தோல் எத்தனை: முதல்முறை முத்து வாங்குபவர்களுக்கு

"முத்துச்சரம் காட்டுங்கண்ணே. ஒரிஜினல்தானே?"

"ஒரிஜினல்தான் ஆச்சி. ஐதராபாத் முத்து."

காரைக்குடி அம்மன் சன்னதிப் பக்கம் முத்துக்காக ஒரு கடை ஏறினால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை, தகவலும் இல்லை. 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு முத்து வியாபாரத்தில் மூன்று பொருள் உண்டு. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ அல்ல, சிப்பியில் விளைந்தது என்பது ஒன்று. ஆற்றுச் சிப்பியில் அல்ல, கடல் சிப்பியில் விளைந்தது என்பது இரண்டு. மனிதர் கை படாமல் தானாக விளைந்தது என்பது மூன்று. விற்பவர் முதல் பொருளில் சொல்கிறார், வாங்குபவர் காதில் மூன்றாவது விழுகிறது. இரண்டுக்கும் விலையில் உள்ள தூரம் சைக்கிளுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம்.

ஐதராபாத் என்பதும் விளைந்த இடம் அல்ல, சந்தை. பாரசீக வளைகுடா முத்து ஒரு காலத்தில் அங்கே வந்து குவிந்தது. துளையிடும் கைவேலையும் தரம் பிரிக்கும் கண்ணும் அங்கேயே தங்கிவிட்டன. இன்று சார்மினாரைச் சுற்றி விற்கும் முத்தில் பெரும்பங்கு சீனக் குளங்களில் விளைந்த நன்னீர் முத்து. அதில் குறை ஒன்றுமில்லை. அதைக் கடல்முத்து என்று நினைத்து விலை கொடுப்பதில்தான் குறை.

ஆகவே 'ஒரிஜினலா' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: எந்தச் சிப்பி? உள்ளே கரு உண்டா? மேலே தோல் எவ்வளவு?

முத்து விளையும் விதம்

சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகும் என்பது அழகான நம்பிக்கை. மணல் துகள் உள்ளே போய் முத்தாகும் என்று பள்ளியில் படித்ததும் பெரும்பாலும் அப்படித்தான். உண்மையில் வேலை செய்வது சிப்பியின் மேலுறைத் தசை. ஓட்டின் உட்புறத்துக்கு மினுமினுப்பு பூசுவது அதுதான். அந்தத் தசையின் சில செல்கள் காயம்பட்டோ ஒட்டுண்ணியாலோ இடம் மாறி உடலுக்குள் போய்விட்டால், அங்கே ஒரு சிறு பை உருவாகி, ஓட்டுக்குப் பூசிய அதே பூச்சை உருண்டையாகப் பூசத் தொடங்கும். பூச்சு என்பது கால்சியம் கார்பனேட்டின் மெல்லிய தகடுகள், நடுவே பசைபோல ஒரு புரதம். இந்த அடுக்கைத்தான் இக்கட்டுரையில் தோல் என்கிறோம். முத்தின் அழகும் ஆயுசும் இந்தத் தோலில்தான்.

வளர்ப்பு முத்தில் (கடைமொழியில் 'கல்சர்') அந்த இடமாற்றத்தை மனிதர் செய்கிறார். ஒரு சிப்பியின் மேலுறைத் தசையில் சிறு துண்டை வெட்டி இன்னொரு சிப்பிக்குள் வைப்பார்கள். கடல் சிப்பியில் கூடவே ஓர் உருண்டைக் கருவும் வைப்பது வழக்கம். இந்தக் கரு அமெரிக்க ஆற்றுச் சிப்பியின் தடித்த ஓட்டைக் கடைந்து செய்வது. ஜப்பானில் மிக்கிமோட்டோ கோகிச்சி 1893-இல் இப்படி அரைமுத்து எடுத்தார். முழு உருண்டை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. நம் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973-இல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியது. வளர்ப்பு முத்தும் முத்துதான், தோல் பூசியது சிப்பியே. போலி என்று அதைச் சொல்வது தவறு.

கடையில் எதிர்ப்படும் வகைகள்

நன்னீர் முத்தில் தொடங்குவோம். செட்டிநாட்டில் புதிதாக வாங்கும் பத்துச் சரத்தில் பெரும்பாலானவை இதுவாகத்தான் இருக்கும். சீனத்தின் செஜியாங் மாகாணத்துக் குளங்களில் வளரும் பெரிய மட்டியில் விளைவது. ஒரே மட்டியில் 30, 40 முத்துகூட எடுப்பார்கள், விலை குறைவதற்கு அதுவே முதல் காரணம். பெரும்பாலும் கரு வைப்பதில்லை, தசைத்துண்டு மட்டும்தான். அதனால் முத்து மேலிருந்து உள்வரை ஏறக்குறைய முழுக்கத் தோல், தேய்ந்தாலும் உள்ளே இருந்து வேறு பொருள் எட்டிப் பார்க்காது. உறுதி என்று பார்த்தால் மலிவு முத்தே மேல் என்பது இந்த வியாபாரத்தின் வேடிக்கை. கரு இல்லாததால் சரியான உருண்டை கிடைப்பதுதான் கஷ்டம். அரிசி வடிவம், பொத்தான் வடிவம், உருளைக்கிழங்கு வடிவம் எல்லாம் இதில்தான். வெள்ளை, கிரீம், ரோஸ், இளம் ஊதா இயற்கையாகவே வரும். கறுப்பு வராது. கறுப்பு நன்னீர் முத்து என்றால் சாயம்.

கடந்த சில ஆண்டுகளாக 'எடிசன்' என்ற பெயரில் கரு வைத்த நன்னீர் முத்தும் வருகிறது. 10 மி.மீ.க்கு மேல், நல்ல உருண்டை. தென்கடல் முத்து என்று ஏமாற வாய்ப்பு அதிகம் உள்ள இடம் இது.

அகோயா ஜப்பானிலும் சீனத்திலும் வியட்நாமிலும் வளரும் கடல்முத்து. மன்னார் வளைகுடாச் சிப்பிக்கு நெருங்கிய உறவு. 3 முதல் 9 மி.மீ. வரை, பெரும்பாலும் 6-8. உருண்டையும் கண்ணாடிபோன்ற பளபளப்பும் இதன் பெருமை. பலவீனம் தோலில். ஒன்றரை ஆண்டுக்கும் குறைவாகத் தண்ணீரில் கிடந்து எடுக்கப்படுவதால் தோல் அரை மி.மீ.யே நல்ல கணக்கு. 0.3-க்குக் கீழே போனால் சில வருட வியர்வையில் துளை வாயில் உரியத் தொடங்கும். மலிவான அகோயாவைவிட நல்ல நன்னீர் எடுப்பது புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

தென்கடல் முத்து ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பர்மாவின் மெர்குயித் தீவுகள் ஆகிய இடங்களில் விளைவது. முத்துச் சிப்பிகளிலேயே பெரியது இதன் சிப்பி. 8 மி.மீ.யில் தொடங்கி 15-க்கு மேலும் போகும். தோல் 2 மி.மீ. சாதாரணம். நிறம் வெள்ளி வெள்ளை அல்லது பொன்னிறம். பளபளப்பு அகோயாபோலக் கூர்மையாக இருக்காது, பட்டுத்துணிபோல உள்ளிருந்து ஒளிரும். பொன்னிறத்துக்கு விலை ஏறும் என்பதால் சாயமேற்றுவதும் அங்கேதான் அதிகம். சரம் முழுக்க ஒரே அடர்மஞ்சளாக இருந்தால் சந்தேகம் வரட்டும்.

தாஹிட்டி முத்து பிரெஞ்சுப் பாலினேசியாவின் கறுப்பு உதட்டுச் சிப்பியில் விளைவது. 8-14 மி.மீ. பெயர்தான் கறுப்பு. நிறம் கரும்பச்சை, மயில் கழுத்து, கத்தரிக்காய் ஊதா, சாம்பல் என்று ஓடும். மைபோலக் கறுத்த, ஒரே நிறமான 7 மி.மீ. சரத்தைத் தாஹிட்டி என்று நீட்டினால் வாங்க வேண்டாம். அந்த அளவில் அந்த நிறத்தில் கிடைப்பது சாயமேற்றிய நன்னீரோ, கதிர் பாய்ச்சியதோ.

மாபே என்று ஒன்று தோடுகளில் வரும். ஓட்டோடு ஒட்டி விளைந்த அரை உருண்டை. வெட்டி எடுத்து, உள்ளே பிசின் நிரப்பி, பின்னால் தட்டையான ஓடு ஒட்டியிருப்பார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், தண்ணீரில் போட்டால் ஒட்டு விடும். கேஷி என்பது கரு இல்லாமல் தற்செயலாக விளைந்த கோணல் முத்து. முழுக்கத் தோல் என்பதால் பளபளப்பு அபாரம்.

போலிகள் மூன்று: பிளாஸ்டிக், கண்ணாடி மேல் மீன்செதிள் பூச்சு, சிப்பி ஓட்டைக் கடைந்து உருட்டிப் பூச்சேற்றிய 'ஷெல் முத்து'. கடைசியதைச் 'சிப்பி முத்து' என்று சொல்லி விற்பார்கள். சிப்பி ஓட்டில் செய்ததால் சொல் பொய்யாகாது. இப்படிப்பட்ட சொற்களைக் கேட்டால்தான் அதிகம் உஷாராக வேண்டும். கெம்புக் கல் பதித்த கோயில் நகை செட்களில் தொங்குவது பெரும்பாலும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக். அந்த விலைக்கு அதுவே நியாயம்.

யானை முத்து, நாகமுத்து, மூங்கில் முத்து என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். யானைத் தந்தம் சம்பந்தப்பட்ட எதையும் வாங்குவது வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடையில் சோதிக்கும் வரிசை

முதலில் வெளிச்சம். கடையில் முத்துச்சரம் கருநீல வெல்வெட்டில், மஞ்சள் விளக்கின் கீழ் கிடக்கும். அங்கே எந்த முத்தும் அழகுதான். ஒரு வெள்ளைத் துண்டு கொண்டு போங்கள். சரத்தைத் துண்டில் போட்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் பார்ப்பதென்றால் வளவைவிட, அதாவது நடு முற்றத்தைவிட, நல்ல இடம் கிடையாது. வானத்து வெளிச்சம் மேலிருந்து நேராக, நிழல் விழாமல் இறங்கும். ஆனால் ஆத்தங்குடிக் கல் மேல் வைத்துப் பார்க்க வேண்டாம். தரையின் சிவப்பும் பச்சையும் முத்தில் ஏறி, ரோஸ் முத்து என்று நினைத்தது மறுநாள் வெள்ளையாகத் தெரியும்.

அடுத்தது நீரோட்டம். முத்தின் பளபளப்புக்குத் தமிழில் இதைவிடச் சரியான சொல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் கோயில் நகைகளின் முத்துகளை வட்டம், அனுவட்டம், குறுமுத்து, இரட்டை, சப்பத்தி என்று வடிவத்தால் பிரித்ததோடு நிற்காமல், குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று நீராலும் பிரிக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்கெழுதியவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: முத்தை முழ நீளத் தூரத்தில் பிடித்து, அதில் தெரியும் டியூப்லைட்டைப் பாருங்கள். விளக்கின் ஓரம் கத்தியால் கீறியதுபோலத் தெரிந்தால் முதல் தரம். ஓரம் கலங்கிப் பஞ்சுபோல இருந்தால் நடுத்தரம். விளக்கே தெரியாமல் வெள்ளைத் திட்டு மட்டும் தெரிந்தால் அது சுண்ணாம்பு உருண்டை, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, சரத்தை மேசையில் நேராக நீட்டி மெல்ல உருட்டுங்கள். உருண்டை இல்லாத முத்து தள்ளாடுவது கண்ணுக்குத் தெரியும். அப்படியே உருட்டும்போது நிறம், அளவு, நீரோட்டம் மூன்றும் பக்கத்து முத்தோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். சரத்தின் விலையில் பெரும்பங்கு இந்தச் சோடி சேர்ப்புக்குத்தான். கொக்கிப் பக்கம் பிடரியில் மறைவதால் மட்டமானவற்றை அங்கே ஒளித்திருப்பார்கள். அங்கிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

நான்காவது, துளை. முத்தைப் பற்றி அதிகம் பேசுவது அதன் துளைதான். பத்து மடங்கு லூப் (சிறு பூதக்கண்ணாடி) கடையிலேயே இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். நடுச்சரத்தில் ஒரு முத்தைப் பிடித்து, நூலை ஒரு பக்கமாக ஒதுக்கி, துளை வாயைப் பாருங்கள். கண்ணாடி முத்தில் வாயைச் சுற்றிப் பூச்சு நகச்சாயம்போல உரிந்திருக்கும், அடியில் கண்ணாடி மினுங்கும். பிளாஸ்டிக்கில் வாய் மழுங்கி, சில சமயம் அச்சின் தையல் கோடுகூட ஓடும். அகோயாவில் துளைச்சுவரில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று வளையமாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே தோல், உள்ளே கரு. வாயிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள தூரம்தான் நீங்கள் காசு கொடுக்கும் சரக்கு. நன்னீர் முத்தில் கோடே இருக்காது, வெங்காயத்தை வெட்டினதுபோல உள்வரை ஒரே இனம். கறுப்பு, மஞ்சள், அடர் ஊதா முத்தில் துளை வாயில் நிறம் தேங்கி அடர்ந்திருந்தாலும், நூலில் நிறம் இறங்கியிருந்தாலும் சாயம்.

ஐந்தாவது, உரசல். இரண்டு முத்தை ஒன்றோடொன்று மிக மெல்லத் தேயுங்கள். சிப்பியில் விளைந்தது நறநறக்கும், கண்ணுக்குத் தெரியாத தகடுகளின் விளிம்பு அது. பூச்சு முத்து வழுக்கும். பல்லில் தேய்ப்பதும் இதே சோதனைதான், கடையில் நாலு பேர் வாய் வைத்ததில் நீங்களும் வைக்க வேண்டியதில்லை. நினைவிருக்கட்டும்: இந்தச் சோதனை போலியைப் பிரிக்கும். வளர்ப்பையும் இயற்கையையும் பிரிக்காது, இரண்டும் நறநறக்கும்.

ஆறாவது, தராசு. 7 மி.மீ. உருண்டை முத்து ஒன்று சுமார் 0.48 கிராம். 16 அங்குலச் சரத்துக்கு முடிச்சு போக 55 முத்து என்றால் 26 கிராம் வரவேண்டும். பிளாஸ்டிக் சரம் 10, 11 கிராமில் நின்றுவிடும். கண்ணாடி மட்டும் முத்தின் எடைக்குப் பக்கத்தில் வந்து ஏமாற்றும், அதற்குத்தான் துளையும் உரசலும்.

கடைசியாக, அகோயா என்று சொன்னால் மட்டும், செல்போன் டார்ச்சைச் சரத்துக்குப் பின்னால் வைத்து முத்துகளை உருட்டுங்கள். தோல் மெலிந்திருந்தால் உள்ளே கருவின் இணைகோடுகள் தெரியும், முத்து ஒருமுறை மின்னி ஒருமுறை மங்கும்.

'ஏஏஏ தரம்' என்ற சீட்டை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். முத்துக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட எழுத்துத் தரம் கிடையாது. ஒரு கடையின் மூன்று ஏ பக்கத்துக் கடையில் ஒரு ஏ.

எதற்கு எது

மாட்டல், ஜிமிக்கித் தொங்கல், மூக்குத்திக்கு 2-3 மி.மீ. நன்னீர்ப் பொடிமுத்து போதும். அங்கே அகோயா தேடுவது வீண்செலவு. கழுத்துச் சரத்துக்கு நன்னீரில் உருண்டை மிகுந்தது, 7 மி.மீ. அளவில். ஒரு மி.மீ. கூடினால் என்ன என்று 8-க்குத் தாவினால் முத்தின் கனம் ஒன்றரை மடங்காகிறது, விலை அதற்கும் மேலே ஓடும். நடுவில் பெரிதாகத் தொடங்கி இரு பக்கமும் சிறுத்துப்போகும் சரம் ஒரே அளவுச் சரத்தைவிட மலிவு, பெரிய முத்து நாலைந்துதானே வேண்டும். பட்டுச்சேலைக்கு அது எடுப்பாகவும் இருக்கும். நீலம் கலந்த பால்வெள்ளை நம் நிறத்துக்குச் சாம்பல் பூத்ததுபோலத் தோன்றலாம். கிரீம், ரோஸ் இரண்டையும் கழுத்தில் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

தோட்டுக்கு அரைத்துளை முத்து. கம்பி முத்துக்குள் மூன்றில் இரண்டு பங்காவது இறங்கியிருக்க வேண்டும், மறை வெட்டிய கம்பியாக இருந்தால் இன்னும் நல்லது. தோட்டில் முத்து கழன்று விழுவது பசையின் குறையால் அல்ல, குட்டைக் கம்பியால்.

மோதிரம் முத்துக்கு உகந்த இடமில்லை. முத்தின் கடினம் மோஸ் அளவில் 2.5 முதல் 4.5 வரை, வீட்டுத் தூசியில் உள்ள மணலோ 7. ஜோசியர் சந்திரனுக்குச் சொன்னார் என்று மோதிரம் செய்பவர்கள், இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா எது வேண்டும் என்பதை முதலில் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இயற்கை முத்து என்றால் ஆய்வகச் சான்று இல்லாமல் வாங்க வேண்டாம். கடையில் 'ராசி முத்து' என்று தட்டில் கிடப்பவை பெரும்பாலும் நன்னீர்ப் பொத்தான்கள்.

பில் போடும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். தங்க நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரையும் ஆறெழுத்து அடையாள எண்ணும் தங்கத்தைப் பற்றியவை, முத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. மொத்த எடையில் முத்தின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். 2 கிராம் முத்தைத் தங்கத்தோடு சேர்த்து நிறுத்துவிட்டால் கால் பவுன் போயிற்று. பில்லில் முத்துக்கென்று தனிக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: இன்ன வகை, வளர்ப்பு, இத்தனை மி.மீ., இத்தனை எண்ணம், சாயம் உண்டு அல்லது இல்லை. வாயால் 'கடல்முத்து' என்றவர் பில்லில் எழுதத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வளர்ப்பு முத்து நகையை மாற்றப் போனால் தங்கத்துக்குப் பணம் வரும், முத்துக்கு வராது. போட்டுக்கொள்ள ஆசை என்றால் வாங்குங்கள், முதலீடு என்று வாங்க வேண்டாம்.

பெட்டகத்தில் இருக்கும் பழைய முத்து

செட்டிநாட்டில் முத்துக் கேள்வி கடையில் மட்டும் வருவதில்லை. பங்கு பிரிக்கும்போதும், கல்யாணத்துக்கு நகை எடுத்து வைக்கும்போதும் பெட்டகத்திலிருந்து ஒரு பழுத்த சரம் வெளியே வரும். பர்மாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போன ஐயாக்கள் காலத்தது என்பார்கள். அது பாஸ்ரா முத்தாகவும் (பாரசீக வளைகுடா முத்து) இருக்கலாம், மன்னார் முத்தாகவும் இருக்கலாம், அந்தக் காலத்து ஐரோப்பியக் கண்ணாடியாகவும் இருக்கலாம். மீன்செதிள் பூச்சுக் கண்ணாடி முத்து 17-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் செய்யப்பட்டது, பழசு என்பது மட்டும் சாட்சி ஆகாது.

காலக் கணக்கு கொஞ்சம் உதவும். வளர்ப்பு உருண்டை முத்து உலகச் சந்தைக்குப் பரவலாக வந்தது 1920-களில். அதற்கு முன் செய்து, அதன்பின் கை வைக்காத நகையில் இருப்பது சிப்பியில் விளைந்த முத்து என்று உறுதியானால், அது இயற்கை முத்தாகத்தான் இருக்க வேண்டும். 'கை வைக்காத' என்பதில்தான் சிக்கல். எத்தனை முறை கோத்தார்கள், எந்தக் கோப்பில் எந்த முத்து மாறியது என்பது யாருக்கும் தெரியாது. நம் வீடுகளின் நகைகளில் 1920-க்கும் 1940-க்கும் நடுவே செய்தவை என்றால் இரண்டு பக்கமும் சாயும்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் சில. இயற்கை முத்தில் துளை மிகச் சன்னம், அரை மி.மீ.க்கும் குறைவு, ஏனெனில் எடையில் ஒரு தூள் குறைந்தாலும் நஷ்டம். வளர்ப்பு முத்தில் 0.7, 0.8 மி.மீ. சாதாரணம். இயற்கைச் சரத்தில் எல்லாம் ஒரே அச்சாக இருக்காது, கொஞ்சம் நீள்வட்டம், கொஞ்சம் கிரீம் என்று சகோதரச் சாயலோடு இருக்கும். 8, 9 மி.மீ.யில் கச்சிதமான ஒரே உருண்டைகள் நாற்பது இருந்தால் இயற்கை என்று நம்புவது கடினம். முடிவான சாட்சி எக்ஸ்ரே ஒன்றுதான். மும்பையிலும் ஜெய்ப்பூரிலும் ரத்தின ஆய்வகங்கள் இந்தச் சோதனை செய்கின்றன. சான்று வரும்வரை சரத்தைப் பிரிக்காதீர்கள், பங்குக்காக இரண்டாக வெட்டவே வெட்டாதீர்கள். பழைய முத்து வியாபாரிகள் எடையை வர்க்கமாக்கி எண்ணிக்கையால் வகுத்து விலை வைத்தார்கள், செவ்வுக் கணக்கு என்று பெயர். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை: பெரிய முத்தைச் சரத்திலிருந்து பிரித்தால் மிச்சத்தின் மதிப்பு எண்ணிக்கைக்கு மேல் சரியும்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் முத்து கிடைத்தால் பழைய வேலைப்பாட்டுக்கு விலை கொடுங்கள், 'பாஸ்ரா' என்ற பெயருக்குக் கொடுக்காதீர்கள். புதிதாக எடுத்த தூத்துக்குடி இயற்கை முத்து என்று யார் சொன்னாலும் ஒரு வருடம் போதும் பதிலுக்கு: 1961. அங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது அந்த ஆண்டு.

கோப்பு

புதுச்சரம் நைலான் நரம்பில் முடிச்சில்லாமல் கோத்து வரும். வாங்கியதும் பட்டு நூலில் மாற்றுங்கள். நரம்பு துளை வாயை அறுக்கும், முத்தும் முத்தும் உரசித் தேயும், அறுந்தால் அத்தனையும் கல்யாண வீட்டுத் தரையில் ஓடும். ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. முடிச்சு துளைக்குள் நுழையாத பருமனும், இடைவெளி தெரியாத இறுக்கமும் வேண்டும். கொக்கி மாட்டும் இடத்தில் சன்னக் கம்பிச்சுருள் போடச் சொல்லுங்கள், நூல் முதலில் அறுவது அங்கேதான். புது நூல் சற்று இழுபடும், கோத்தவர் ஒருநாள் தொங்கவிட்டு இறுக்கிக் கொடுத்தால் நல்ல கை. அடிக்கடி போடும் சரத்தை வருடம் ஒருமுறை, எப்போதாவது போடுவதை மூன்று வருடம் ஒருமுறை மாற்றுங்கள். முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே நூல் தெரிந்தாலோ, முடிச்சு கறுத்தாலோ காத்திருக்க வேண்டாம்.

பத்தரிடம் முத்து நகையைப் பற்றவைக்கக் கொடுக்கும்போது முத்தைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லி வாய்விட்டுச் சொல்லுங்கள். தீயில் முத்து வெடிக்கும், பிறகு போடும் திராவகத்தில் தோலே போய்விடும்.

கெடுவது எப்படி

நம் வீடுகளில் முத்தைக் கெடுப்பது திருடனோ காலமோ அல்ல, புளி. தங்கம் மினுங்கப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கும் பழக்கத்தில் முத்து ஜிமிக்கியும் கிண்ணத்துக்குள் போய்விடுகிறது. முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் முத்துக்கும் ஆகும், இரண்டும் கால்சியம் கார்பனேட். முதல்முறை நீரோட்டம் மங்கும், நாலாவது முறை தொட்டால் சுண்ணாம்பு ஒட்டும். செட்டிநாட்டுச் சுவரின் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சும் முத்தும் ஒரே குலம். சுவரில் புளித்தண்ணீர் தெளித்தால் வீட்டுப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? எலுமிச்சையும் பல்பொடியும் அப்படியே. கடையில் அதிரும் தொட்டியில் போட்டுக் கழுவித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மங்கிய முத்தை மீட்கும் வழி எதுவும் கிடையாது.

செய்ய வேண்டியது எளிது. சென்ட், பவுடர், சந்தனம் எல்லாம் ஆன பிறகு முத்தைப் போடுங்கள். கழற்றியதும் ஈரம் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, நூலின் ஈரம் காய இரவு முழுக்கத் துண்டின் மேல் படுக்கவையுங்கள். தொங்கவிட்டால் ஈர நூல் நீளும். வியர்வையும் லேசான அமிலம்தான், சித்திரை வைகாசிக் கல்யாணங்களுக்குப் பிறகு இந்தத் துடைப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

வைப்பது தனித் துணிப்பையில். வைரத்தோட்டோடு ஒரே டப்பாவில் போட்டால் காலையில் கீறல். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பை, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டும் ஆகாது, முத்துக்குள் சிறிதளவு நீர் உண்டு, அது வற்றினால் தோல் வெடிக்கும். வங்கி லாக்கரில் வருடக்கணக்கில் கிடக்கும் சரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

பைக்குள் ஒரு சீட்டும் வையுங்கள், கணக்கெழுதிப் பழகிய ஊருக்கு இது புதிதல்ல. வகை நன்னீர், 7 மி.மீ., 56 முத்து, 27 கிராம், உபரி முத்து இரண்டு காகிதத்தில், பட்டு நூல் கோத்தது தை மாதம். அடுத்தமுறை கோக்கக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, எடையும் பார்த்து, அதே சீட்டில் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.